பதினெட்டு முடிவதற்குள்

மே 9

பிளஸ் டூ ரிசல்ட் நேற்று வந்தது. சங்கவி 541.

கடையில் ஒரே கூட்டம். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ரிசல்ட் நாள் என்றால் நோம்பி நாள் மாதிரி. வரிசைப்படி எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பதினோராவதாகத்தான் அவளுடையதை எடுத்தேன். பிரிண்டரில் தாள் பாதி வரும்போதே எட்டிப் பார்த்து, "அத்தை, பிசிக்ஸ் போச்சு" என்றாள். போகவெல்லாம் இல்லை. 86.

சாயங்காலம் இனிப்புக்கு ஒப்புட்டு சுட்டேன். இவர் மூன்று சாப்பிட்டார். சர்க்கரை இருக்கிற மனுஷன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கவி எங்களிடம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெற்றவள் இறந்து, தகப்பன் போன இடம் தெரியாமல், ஈரோட்டில் ஒரு விடுதியில் இருந்தவளைக் குழந்தைகள் நலக் குழு வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் எங்களிடம் ஒப்படைத்தது. அப்போது அவளுக்குப் பதினொன்று. எனக்குத் தெரிந்ததையே எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதோடு திட்டமும் முடிகிறது. அதனால் இருக்கும்.

மே 13

ரெஜினா மேடம் வந்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஆறு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து, பிள்ளை எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதிக்கொண்டு போவார். இந்தத் தடவை ஒரு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார்.

கோயமுத்தூரில் அம்மணியம்மாள் நினைவு அறக்கட்டளை என்று ஒன்று. விடுதியிலோ வளர்ப்பு வீட்டிலோ வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை. மாநிலம் முழுக்க ஆறு பேர். படிப்பு, ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் கடைசி வருஷம் வரைக்கும் அவர்கள் பொறுப்பு.

சங்கவிக்குப் பிசியோதெரபி படிக்க ஆசை. போன வருஷம் இவர் ஏணியிலிருந்து விழுந்து கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது, தினமும் பிசியோதெரபிக்குக் கூடவே போய் உட்கார்ந்து பார்த்தாள். இருபது நாளில் அவர் சீப்பை எடுத்துத் தானே தலை வாரினார். அதைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

விண்ணப்பத்தோடு, தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம்.

"எல்லாரும் படிக்கறவங்க அழற மாதிரி எழுதுவாங்க அத்தை. நான் எப்படி எழுதறது?"

"நடந்ததை எழுது."

"நடந்ததே அழற மாதிரித்தானுங்க இருக்குது."

வடித்த சோற்றை நிமிர்த்தி வைக்கப் போனேன்.

மே 16

கடையில் என் கம்ப்யூட்டரிலேயே டைப் அடித்தாள். நான் பக்கத்தில் போனால் திரையைச் சின்னதாக்கினாள். கடைசியில் "பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க, படிக்கக் கூடாது" என்றாள். நான் படிக்கவில்லை. எழுத்து ஓரம் வெட்டுப்படாமல் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அவளுடைய அம்மா பூங்கொடி ஈரோட்டில் சாயப்பட்டறையில் வேலை செய்தவள் என்பது எனக்குத் தெரியும். கணுக்கால் வரைக்கும் நீலமாக இருக்கும் என்பதும், வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவது இவள் வேலை என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டாம் பக்கத்தில் எங்களைப் பற்றி நான்கு வரி இருந்தது. "எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பாவம் என்று சொன்னதில்லை" என்று ஒரு வரி.

இரண்டாம் பக்கம் கொஞ்சம் கோணலாக வந்திருந்தது. இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தேன்.

மே 29

இன்று நல்ல நாள். முறைப்படி எழுதுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு ரெஜினா மேடம் போன் செய்தார். "கலாமணி அக்கா, உங்க ஃபைல் நகர்ந்திருச்சுங்க. ஜூலை பதினொண்ணாம் தேதி கலெக்டர் முன்னாடி வரணும்" என்றார்.

தத்துக் கோப்பைத்தான் சொன்னார். மூன்று வருஷம் முன்பே எழுதிப் போட்டோம். தகப்பனைத் தேடி அறிவிப்புக் கொடுத்து, பதில் வராமல், யாருடைய கையெழுத்துக்கோ அது கிடந்தது. இந்த ஜனவரியில்தான் சங்கவியைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு உத்தரவு போட்டது. பதினெட்டு முடிவதற்குள் ஆணை வாங்கிவிட வேண்டும். முடிந்துவிட்டால் பிறகு சட்டத்தில் வழி இல்லை.

சங்கவிக்கு இது எதுவும் தெரியாது. கடைசியில் அவள் சம்மதம் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். ஆசை காட்டி நடக்காமல் போனால் யார் சமாதானம் சொல்வது?

இவருடைய மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்ச் சொன்னபோது ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். செம்புக் கம்பியை அப்படியே கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மே 30

ரெஜினா மேடத்துக்கு மறுபடி போன் செய்தேன், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்க. பட்டியலைச் சொன்னார். அப்புறம், "அக்கா, நேத்தே சொல்லியிருக்கணும். அந்த உதவித்தொகை தத்துப் போன பிள்ளைகளுக்கு இல்லைங்க. ஆணை வந்துட்டா சங்கவி பராமரிப்புல இருக்கற பிள்ளை கிடையாது. உங்க பிள்ளை" என்றார்.

உங்க பிள்ளை என்று அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்றதை அப்புறம்தான் யோசித்தேன்.

ஜூன் 4

அறக்கட்டளையிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு. ஜூன் 16. இருநூறு பேருக்கு மேல் எழுதியதில் பதினைந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சங்கவி கடையில் நின்றபடியே ஒரு குதி குதித்தாள். ஜாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்த பெரியவர் பயந்துபோனார்.

ராத்திரி இவரும் நானும் பேசினோம்.

"புள்ளைகிட்டச் சொல்லிரு கலா" என்றார் இவர்.

"சொன்னா இண்டர்வியூல மனசு நிக்காதுங்க. முடியட்டும்."

"ரெண்டுல ஒண்ணுதான்னா அவதான சொல்லோணும்?"

"கிடைக்குதான்னே தெரியாததுக்கு இப்பவே என்ன வெசனம்?" என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் சம்பாதிப்பதில் அவளைப் பிசியோதெரபி கல்லூரியில் நாலரை வருஷம் படிக்க வைக்க முடியாது. இங்கே பக்கத்துக் காலேஜில் பி.எஸ்சி. சேர்க்கலாம். அதில் தப்பொன்றும் இல்லை.

ஜூன் 16

கோயமுத்தூர் போய்த் திரும்பினோம். வரும்போது புளியம்பட்டியில் நல்ல மழை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் சங்கவியை மட்டும் அரைமணி நேரம். அப்புறம் என்னையும் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். ஆறு வருஷத்தில் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டார். "முதல் வருஷம் இவ எதுவுமே கேக்க மாட்டாளுங்க. பசிக்குதுன்னுகூட. அதுதான் கஷ்டம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அப்புறம், "சங்கவியைத் தத்தெடுக்கும் எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

சங்கவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். பருத்திப்பால் வாங்கினேன், குடித்தாள். வீடு வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அசதியாக இருக்கும்.

ஜூன் 18

கடையில் வேலை அதிகம். கலர் பிரிண்டர் மக்கர் செய்கிறது.

சங்கவி துணிகளை மடித்து அலமாரியில் ஒரே தட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தலைகாணி உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். வீடு சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 20

சாப்பிடும்போது இன்னொரு தோசை வேண்டுமா என்றால், "போதுங்க" என்கிறாள். வந்த புதிதில் அப்படித்தான் சொல்வாள், ஒறம்பரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சாப்பிடுகிறவள் மாதிரி.

மதியம் ரெஜினா மேடம் போன். பதினெட்டு முடிந்த பெண்களுக்கு அரசாங்க விடுதி எங்கே இருக்கிறது, எத்தனை வருஷம் தங்கலாம் என்று சங்கவி அவரிடம் விசாரித்தாளாம். "வீட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா அக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். இந்த வாரம் இது இரண்டாவது இல்லைங்க.

ஜூன் 22, ஞாயிறு

இன்று கடை இல்லை. காலையில் டிபன் முடிந்ததும் பீரோவிலிருந்து கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "படி கண்ணு."

படித்தாள். முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக. மூன்று வருஷம் முன்பு நாங்கள் எழுதிய முதல் மனுவின் நகலும் அதில் இருந்தது. அதன் தேதியை இரண்டு தடவை பார்த்தாள்.

"அன்னிக்கு இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமான்னா உனக்கு அது கிடைக்காதில்ல."

"என்கிட்டயாச்சும் பஸ்ஸுல சொல்லியிருக்கலாம்ல அத்தை? நான் ஆறு நாளா..." நெற்றியை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். இவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அவருக்கு அதற்குமேல் தெரியாது. எனக்குமே தெரியாது.

"தப்புத்தான். மொதல்லயே சொல்லியிருக்கோணும்" என்றேன். "இப்ப நீ சொல்லு. ஜூலை பதினொண்ணு போனா தத்து. போகாட்டி, கிடைச்சா அந்தப் படிப்பு. எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம். படிப்புக்குன்னு பாக்காத, வேற வழி பண்ணலாம்."

ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மத்தியானம் கறிக்குழம்பு வைத்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

ஜூன் 23

அவள் சொல்லிவிட்டாள்.

கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தத்து வேண்டாங்க அத்தை" என்றாள்.

"உதவித்தொகைக்காகவா?"

"இல்லைங்க. அது கிடைக்காட்டியும் வேண்டாம்." கொஞ்ச நேரம் பேப்பர் கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "தத்து எடுத்தா புதுப் பிறப்புச் சான்றிதழ் வருமாமா. அதுல அம்மா பேர் இருக்கற இடத்துல உங்க பேர் வரும். ரெஜினா மேடத்துக்கிட்டக் கேட்டுட்டேன்."

"ஆமா, வரும்."

"எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லைங்க. ரேஷன் கார்டுல இருந்து பேரை எடுத்துட்டாங்க. இருந்த வீட்டை இடிச்சுட்டாங்க. பூங்கொடின்னு ஒருத்தி இருந்தாங்கறதுக்கு என்னோட சர்டிபிகேட் ஒண்ணுதான் இருக்குது. அதுலயும் எடுத்துட்டா எப்படிங்க?"

நான் பேப்பர் கட்டைத் தட்டி நேராக்கினேன். அவளே, "உங்களை வேண்டாம்னு சொல்லலை" என்றாள். "உங்களுக்குப் புரியுதுங்களா?"

"புரியுது கண்ணு" என்றேன். புரிந்துதான் சொன்னேன்.

அப்போது ஒருவர் ஆதார் கார்டை நீட்டினார், முன்பக்கம் பின்பக்கம் ஒரே தாளில் வேண்டும் என்று. எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் கடையைக் கட்டும் முன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தேன். ஜனவரியில் குழுவின் உத்தரவு வந்த அன்று பிறப்புச் சான்றிதழ் மாதிரியே ஒன்றை டைப் அடித்துப் பார்த்திருந்தேன். பெயர்: சங்கவி. தாய்: கலாமணி. தந்தை: சென்னியப்பன். எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். பிரிண்ட் எடுக்கவில்லை.

ஜூன் 24

மாவு அரைத்தேன். கேஸ் வந்தது. தலைவலி.

ஜூன் 26

பொய் சொல்லி வாங்கினதாக இருக்கக் கூடாது என்று அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். சங்கவியிடம் முதலில் சொன்னேன். இனி எதையும் அவளிடம் சொல்லாமல் செய்வதில்லை. "சொல்லுங்க அத்தை, ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

கண்ணாடி போட்ட அம்மாளே பேசினார். "அன்னிக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொன்னது பொய்ங்க. மூணு வருஷமா எழுதிப் போட்டிருந்தோம். இப்பத் திரும்ப வாங்கிக்கப் போறோம். புள்ளைக்கு அன்னிக்கு எதுவும் தெரியாது. தப்பு என்னுது" என்றேன்.

அவர், "திரும்பப் பெறுவது யாருடைய முடிவு?" என்றார்.

சங்கவி குனிந்து போனில், "என்னுதுங்க மேடம்" என்றாள். காரணத்தையும் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக.

"எங்கள் அறக்கட்டளைக் குழுவில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று வைத்துவிட்டார். கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை 2

ஈரோடு போய், தத்து மனுவைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டோம். ரெஜினா மேடம் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "பதினெட்டு முடிஞ்சுட்டா அப்பறம் நினைச்சாலும் முடியாதுங்க. யோசிச்சுட்டீங்கல்ல?" என்றார். இவர்தான், "யோசிச்சாச்சுங்க" என்றார். இவர் கையெழுத்து எப்போதும் பெரியதாக இருக்கும். இன்று கட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் இவர் தன் கடைக்குப் போனார். யாருடைய மோட்டாருக்கோ கம்பிச் சுருளைத் தப்பாகச் சுற்றி, மறுபடி பிரித்துச் சுற்றினாராம். இருபத்தைந்து வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

ஜூலை 11

கலெக்டர் முன்னால் போகவேண்டிய நாள். கடை திறந்திருந்தேன்.

ஜூலை 15

கிடைத்துவிட்டது!

ஆறு பேரில் நான்காவது பெயர். கடிதத்தில் கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தது: "உண்மையைச் சொன்னதற்கு நன்றி." அதை எனக்கு எழுதினார்களா அவளுக்கா என்று தெரியவில்லை. சங்கவி எனக்குத்தான் என்கிறாள். இவர் தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டு வந்தார். டப்பாவில் மிச்சம் இரண்டு இருந்ததை நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3

விருது கொடுக்கும் விழா. மேடையில் ஆறு பிள்ளைகள். ஒரு பையனுக்குக் கைதட்ட விடுதி வார்டன் மட்டும் வந்திருந்தார். அவனுக்கும் சேர்த்துத் தட்டினோம். "பூ. சங்கவி" என்று கூப்பிட்டார்கள். பூங்கொடியின் பூ. மைக்கில் அந்தப் பெயரை முழுசாகவே ஒரு தடவை சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆகஸ்ட் 19

சங்கவிக்குப் பதினெட்டு முடிந்தது. வரும் திங்கட்கிழமை கல்லூரி.

காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பச்சைநாயகி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். மத்தியானம் ரெஜினா மேடம் கடைக்கே வந்தார், திட்டத்தை முடித்துவைக்கும் படிவத்தோடு. "எழுதி முடிச்சுட்டா நான் இனிமே வர வேண்டியதில்லைங்க" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது போல. சங்கவியை அனுப்பி டீ வாங்கினேன். இவரும் கடையிலிருந்து வந்தார், கையில் கிரீஸோடு.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் அட்டை வைத்து எழுதினார். குழந்தையின் பெயர். ஒப்படைத்த தேதி. விடுவிக்கும் தேதி. அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தார், விடுவிக்கும் தேதி என்று. நான் கலர் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"விடுவிப்புக்குப் பின் செல்லும் இடம்" என்று படித்துவிட்டு, "கல்லூரி விடுதி, கோயம்புத்தூர்" என்று அவரே எழுத ஆரம்பித்தார்.

"மேடம், அது படிக்கற இடங்க" என்றாள் சங்கவி. "போற இடம்னா இந்த வீட்டு அட்ரஸ் எழுதுங்க."

"இது இப்ப இருக்கற இடம் கண்ணு. மேலயே எழுதியாச்சு. இங்கிருந்து எங்க போறேன்னு கேக்கறாங்க."

"எங்கயும் போகலைங்க."

ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "இனி இவங்களுக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் கிடையாது. உனக்கும் இங்க இருக்கோணும்னு கட்டாயம் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க. அதுதான் எழுதச் சொல்றேன். இன்னிக்கு வரைக்கும் நீங்க எழுதுனீங்க. நானு மேஜர் ஆயாச்சு. இது நான் சொல்றது."

இவர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு. யாரும் சிரிக்கவில்லை.

மேடம் எழுதியதை அடித்துவிட்டு, மேலே இருந்த கதவு எண்ணையும் தெருவையும் கீழேயும் ஒரு தடவை எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சங்கவி போட்டாள். நாங்கள் இருவரும் போட்டோம்.

"அக்கா, ஒரு காப்பி போட்டுக் குடுங்க. ஒரிஜினல் ஆபீஸுக்கு, காப்பி கமிட்டிக்கு" என்றார்.

மெஷின் சூடாக நேரம் எடுத்தது. நான் இரண்டு காப்பி எடுத்தேன். இரண்டாவது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.